ஆரணி வாத்துக்கு ஆரணியிலேயே இடம் வேண்டும்

ஆரணி என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுப் புடவை நினைவுக்கு வரும். அரிசி மண்டிக்காரர்களுக்கு ஆரணி, களம்பூர்ப் பகுதி ஆலைகளில் அரைத்து வரும் பொன்னி அரிசி நினைவுக்கு வரும். இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. கால்நடை நூல்களில் தமிழ்நாட்டு நாட்டு வாத்துக்கு ஆரணி வாத்து என்று பெயர். ஆனால் ஆரணி வட்டாரத்துச் சிறு விவசாயிகளில் எத்தனை பேர் வீட்டில் இந்த வாத்து இருக்கிறது என்று விசாரித்தால் கிடைக்கும் பதில் திருப்தியாக இல்லை. வாத்து என்றாலே ஊர் ஊராக மந்தை ஓட்டிச் செல்பவரின் சொத்து, குடியானவனுக்கு உரியது ஆடும் மாடும் கோழியும்தான் என்று நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம். இப்படி ஒதுக்கியதால் வாத்துக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

பழைய வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கிளம்பும் வாத்து மந்தைகள் அறுவடையை ஒட்டி நகருகின்றன. ஒரு மந்தையில் ஆயிரம், இரண்டாயிரம் வாத்துகள் இருக்கும். சம்பா அறுவடை நடக்கும் இடத்தில் சில வாரம், அங்கே மேய்ச்சல் தீர்ந்ததும் லாரியில் ஏற்றி அடுத்த பகுதி என்று காவிரி டெல்டா வரையிலும், ஆந்திரத்தில் நெல்லூர்ப் பக்கமும் போகின்றன. அறுத்த கழனியில் சிந்திய நெல், நத்தை, நண்டு, தவளை, புழு, பூச்சி ஆகியவையே தீவனம். சில ஊர்களில் வாத்துக்காரர் கழனி மேய்ச்சலுக்குப் பணம் கொடுக்கிறார். சில ஊர்களில் முட்டை கொடுக்கிறார். எருவுக்காக இலவசமாகவே விடுகிற ஊர்களும் உண்டு. முட்டையில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகிறது. இரவில் வலை கட்டிய பட்டியில் அடைத்து, விடியற்காலையில் முட்டை பொறுக்கி, வெயில் ஏறும் முன் மேய்ச்சலுக்கு ஓட்டும் இந்தத் தொழில் ஒரு கைகண்ட கலை. அதைக் குறை சொல்லுவது என் நோக்கம் அன்று.

ஆனால் மந்தை வைத்திருப்பவருக்கு வேண்டியது இந்தப் பருவத்து முட்டை. இனத்தைக் காப்பது அவர் வேலை அல்ல. எங்கே குஞ்சு மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே வாங்குவார். எந்தச் சேவல் வாத்து எந்தப் பெட்டையோடு சேர்ந்தது என்று ஆயிரம் வாத்து மந்தையில் யாரும் பார்க்க முடியாது. மந்தைகளை நின்று பார்த்தால் இப்போது காக்கி நிறமும் வெள்ளை இறகும் கலந்து தெரிகின்றன. வாத்தின் தொகை குறையாமலே இனம் கரைந்து போகலாம் என்பதை நாம் உணர வேண்டும். ஆட்டுக்கிடையில் நாட்டு ஆடு காணாமல் போனதும் இப்படித்தான்.

வாத்துக்காரர்கள் நாட்டு வாத்தை நிறத்தை வைத்துக் கீரி என்றும் சன்னியாசி என்றும் பிரித்துச் சொல்லுகிறார்கள். கீரிப்பிள்ளையின் உடம்பைப் போலக் கருமையும் பழுப்பும் கலந்த இறகுடையது கீரி. காவி படிந்தாற்போல் வெளிர் பழுப்பாக இருப்பது சன்னியாசி. இந்தப் பெயர்களே வாத்தை நம் மக்கள் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று. உடல் சிறியது, கால் வலுவுள்ளது, நாள் முழுவதும் நடந்து மேயும். வெயிலைத் தாங்கும். மேய்ச்சலிலேயே வளர்ந்து ஐந்தரை, ஆறு மாதத்தில் முட்டையிட ஆரம்பிக்கும். கோழியைப் போல் ஓராண்டோடு ஓய்ந்துவிடாமல் இரண்டாம், மூன்றாம் ஆண்டிலும் லாபகரமாக முட்டையிடும்.

எத்தனை முட்டை என்று உடனே கேட்பீர்கள். நாட்டு வாத்து ஆண்டுக்கு 130, 140 முட்டை வரை கொடுக்கும் என்று சொல்லலாம். காக்கி கேம்பெல் 280 முதல் 300 வரை இடும். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது, காக்கி கேம்பெல்லே வாங்கலாம் என்று பலர் முடிவு செய்கிறார்கள். கணக்கு அங்கே முடியவில்லை. அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காக்கி கேம்பெல் 300 முட்டை இடுவது நிறைதீவனத்தில். முட்டையிடும் வாத்து ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 160 கிராம் தீவனம் வேண்டும். ஆண்டுக்கு 58 கிலோ. குஞ்சிலிருந்து 20 வாரம் வரை அது தின்ற பன்னிரண்டரைக் கிலோவை இதில் சேர்க்கவில்லை. ஒரு கிலோ தீவனம் 30 ரூபாய் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 1,740 ரூபாய். 280 முட்டைக்குப் பங்கிட்டால் முட்டை ஒன்றுக்குத் தீவனச் செலவே 6 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இதே வாத்தைக் கழனி மேய்ச்சலை மட்டும் நம்பி விட்டால் அது 300 முட்டை இடாது. தீவனம் இல்லாத உயர்ந்த இனம், உரம் போடாத வீரிய நெல்லைப் போன்றதுதான்.

ஆரணி வாத்தின் கணக்கைப் பாருங்கள். ஓரிடத்தில் வைத்து வளர்ப்பதால் 120 முட்டை என்றே வைத்துக்கொள்ளுவோம். அறுவடைக் காலங்களிலும் மழைக்காலத்திலும் மேய்ச்சலே போதும். மற்ற நாட்களில், ஆண்டில் 200 நாள் என்று வைத்து, தினம் 80 கிராம் தவிடு, குருணை, கருக்காய் நெல் கொடுத்தால் 16 கிலோ. கிலோ 20 ரூபாய் என்று விலை போட்டாலும் 320 ரூபாய். முட்டை ஒன்றுக்கு 3 ரூபாய்க்கும் குறைவு. தவிடும் கருக்காயும் சொந்தக் களத்தில் கிடைப்பவை என்றால் கைக்காசு இன்னும் குறையும். உங்கள் ஊர் விலைகளை இதில் போட்டு நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய முதல் போட்டு, கொட்டகை கட்டி, தீவனம் வாங்கி, முட்டைக்கு நிலையான வியாபாரியும் வைத்திருப்பவருக்குக் காக்கி கேம்பெல் நல்ல வாத்துதான். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் மத்திய அரசின் பண்ணையில் அது பெருக்கப்பட்டது அத்தகையவர்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் கழனியும் வீட்டில் ஒரு தறியும் வைத்துக்கொண்டு பிழைப்பவருக்கு அது ஏற்றதல்ல.

இரண்டையும் கலந்தால் என்ன என்று ஒரு யோசனை எல்லாக் கூட்டங்களிலும் வருகிறது. முதல் தலைமுறைக் கலப்பு வாத்து நன்றாகத்தான் இருக்கும். அதன் குஞ்சுகள், குஞ்சுகளின் குஞ்சுகள் ஒரே மாதிரி இரா. நாலைந்து ஆண்டுக்குப் பின் கையில் இருப்பது அதிக முட்டையும் இடாது, மேய்ச்சலிலும் தாங்காது. அப்போது பழைய நாட்டு வாத்தைத் தேடினால் கிடைக்காது. மணிலா வாத்து என்று சொல்லப்படும் மஸ்கவியைச் சேர்த்து வளர்ப்போர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மஸ்கவியும் நாட்டு வாத்தும் சேர்ந்து பிறப்பவை கோவேறு கழுதையைப் போல மலட்டு வாத்துகள்.

காக்கி கேம்பெல்லின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பகுதியில் யூலி என்ற கிராமத்தில் அடீல் கேம்பெல் என்று ஓர் அம்மையார் இருந்தார். அவரிடம் இருந்த இந்தியன் ரன்னர் பெட்டை வாத்து ஒன்று 196 நாளில் 182 முட்டை இட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியன் ரன்னர் என்று பெயரே தவிர அது ஜாவா, பாலி பக்கத்து வாத்து. அங்கேயும் நம் மந்தைகளைப் போலவே அறுத்த நெல் வயலில் ஓட்டி மேய்த்து வளர்ந்ததுதான். அந்தப் பெட்டையோடு ரூவான் சேவலையும் பின்னர் காட்டு வாத்தையும் சேர்த்து, குஞ்சுகளில் நன்றாக முட்டையிட்டவற்றையே பொறுக்கிப் பெருக்கி, 1898-ல் கேம்பெல் வாத்தையும், 1901-ல் காக்கி நிறத்ததையும் வெளியிட்டார். பெரிய ஆராய்ச்சி நிலையம் ஏதும் இல்லை. எந்த வாத்து எத்தனை முட்டை இட்டது என்று ஒரு குடும்பத்துப் பெண்மணி கவனித்ததில் உலகம் முழுவதும் போன ஓர் இனம் பிறந்தது. ஆரணி வாத்தை அப்படி யாரும் வீட்டளவில் முட்டை எண்ணிப் பொறுக்கியதில்லை. பொறுக்காமலே 130 கொடுக்கிற வாத்து, பொறுக்கினால் எவ்வளவு கொடுக்கும் என்று பார்க்க வேண்டாமா? பார்ப்பதற்கு முன்பே வெளியினச் சேவலைக் கலப்பது அவசரம்.

சேவலை மாற்றுங்கள், இனத்தை மாற்ற வேண்டாம்

சிறு விவசாயி ஒருவர் 25 முதல் 30 பெட்டை வாத்துகள் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஏக்கர் கழனி, பக்கத்துக் கால்வாய், ஏரி உள்வாய் ஆகியவற்றை நம்பி இதற்கு மேல் போக வேண்டாம். ஏழு பெட்டைக்கு ஒரு சேவல் வீதம் நான்கு சேவல் போதும். சேவலை அடையாளம் காணுவது எளிது. வால் மேல் சுருண்ட இறகு இருக்கும், குரல் கம்மலாக இருக்கும். உரக்கக் கத்துவது பெட்டை.

நெசவாளர்களுக்குத் தெரிந்த உதாரணத்தால் சொன்னால் சேவல்தான் பாவு. ஒரு பெட்டை மோசமானால் அதன் குஞ்சுகள் மட்டும் மோசமாகும். ஒரு சேவல் மோசமானால் ஏழு பெட்டைகளின் குஞ்சுகளும் கெடும். நம் ஊர்ப் பழக்கம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. நன்றாக வளர்ந்த சேவல்களைக் கறிக்குக் கொடுத்துவிட்டு, விலை போகாமல் நின்ற சேவலையே மந்தையில் விடுகிறோம். இந்த ஒன்றை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

எது நல்ல பெட்டை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாத்து பெரும்பாலும் விடியற்காலையில், ஒன்பது மணிக்குள், முட்டையிட்டு முடித்துவிடும். ஆகவே ஒன்பது மணி வரை பட்டியை விட்டு வெளியே விடக்கூடாது. விட்டால் முட்டை வரப்பிலும் வாய்க்காலிலும் போகும். முதல் நாள் இரவில் வாத்தைப் பிடித்து அடிவயிற்றைத் தடவினால் மறுநாள் முட்டை இருக்கிறதா என்று அனுபவப்பட்ட பெண்கள் சொல்லிவிடுவார்கள். இடுப்பெலும்புகளுக்கு இடையில் இரண்டு விரலுக்குக் குறையாமல் இடம் இருந்தால் அது முட்டையிடுகிற வாத்து. வாரத்தில் இரண்டு நாள் இப்படிப் பார்த்து, ஆறேழு நல்ல பெட்டைகளின் காலில் அடையாள வளையம் போட்டு வைக்க வேண்டும். ஆரணியில் வண்ண நூலுக்குப் பஞ்சம் இல்லை என்றாலும் நூலைக் கட்டாதீர்கள். ஈரத்தில் இறுகிக் காலை அறுத்துவிடும். தளர்ந்த பிளாஸ்டிக் வளையமே நல்லது. அடைக்கு வைக்கும் முட்டை இந்த ஆறேழு பெட்டைகளுடையதாக மட்டும் இருக்கட்டும். மற்றதெல்லாம் விற்பனைக்கு.

ஆனால் ஒரே வீட்டில் ஆண்டாண்டாக அண்ணன் தங்கை சேர்ந்தால் குஞ்சு பொரிப்பது குறையும், கூமுட்டை அதிகமாகும், வளர்ச்சி குன்றும். இதற்கு ஒரு வழி உண்டு. சேவூர், இரும்பேடு, கண்ணமங்கலம், தேவிகாபுரம் என்று நான்கு ஊர்களில் ஊருக்கு ஒருவர் இந்த வாத்தை வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் சேவூர்ச் சேவல்கள் இரும்பேட்டுக்கும், இரும்பேட்டுச் சேவல்கள் கண்ணமங்கலத்துக்கும், அங்கிருந்தவை தேவிகாபுரத்துக்கும், தேவிகாபுரத்துச் சேவல்கள் சேவூருக்கும் போக வேண்டும். திசையை மாற்றக்கூடாது. பெட்டைகள் அவரவர் வீட்டிலேயே இருக்கும். இப்படிச் சுற்றுமுறையில் செய்தால் பல ஆண்டுகளுக்கு நெருங்கிய இரத்தக் கலப்பு வராது. கால்நடைப் பண்ணைகளில் கைக்கொள்ளும் முறைதான் இது. இதற்குப் பணம் வேண்டாம், நான்கு பேருக்குள் நம்பிக்கை வேண்டும். பட்டுக்குக் கூட்டுறவுச் சங்கம் நடத்திய பூமியில் நான்கு சேவலை மாற்றிக்கொள்ள முடியாதா?

அரியானாவில் கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபுவளச் செயலகத்தின் பதிவில் அசாமின் பதி வாத்தும் பீகாரின் மைதிலி வாத்தும் தனி இனங்களாக இடம்பெற்றிருக்கின்றன. பதிவு நல்ல காரியம். அது வந்தால் அரசுப் பணம் ஒதுக்க வழி பிறக்கும். ஆனால் ஏட்டில் உள்ள இனம் முட்டை இடாது. கொல்லையில் இருந்தால்தான் இனம் இருப்பதாக அர்த்தம்.

வளர்ப்பில் கவனிக்க வேண்டியவை

ஆரணி வாத்துக்கு அடைகாக்கும் பழக்கம் அநேகமாகப் போய்விட்டது. நாட்டுக்கோழிக்குக் கீழே 8 முதல் 10 வாத்து முட்டை வரை வைக்கலாம். முட்டை ஒரு வாரத்துக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடாது. முட்டையிட ஆரம்பித்த முதல் மாதத்துச் சிறு முட்டையை வைக்காதீர்கள். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். கோழி ஒரு வாரம் கூடுதலாக உட்கார வேண்டியிருப்பதால் நல்ல அடைக்கோழியாகப் பொறுக்கி, தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். கோழி தண்ணீரில் நனைவதில்லை, ஆகவே கடைசி இரண்டு வாரம் முட்டை மேல் வெதுவெதுப்பான நீரைத் தினமும் லேசாகத் தெளிப்பது நல்லது.

குஞ்சுகளுக்கு மூன்று, நான்கு வாரம் வரை சூடு வேண்டும். பொரித்த முதல் வாரத்தில் 30 டிகிரி சுமார், பிறகு வாரம் 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். சூடு போதவில்லை என்றால் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவியும், அதிகமானால் விலகி ஓடி வாயைத் திறக்கும். வாத்துக் குஞ்சுதானே என்று பொரித்த மறுநாளே குட்டையில் விடுவோர் உண்டு. தாய் வாத்தின் இறகிலிருந்து எண்ணெய்ப் பசை ஒட்டாத குஞ்சு தண்ணீரில் நனைந்து விறைத்துச் சாகும்.

வாத்துக்கு நீந்தக் குளம் வேண்டும் என்பது பரவலான எண்ணம். முட்டை உற்பத்திக்கு நீச்சல் கட்டாயம் அல்ல. தலை முழுவதும் நனையும்படி 12 முதல் 15 செ.மீ. ஆழத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் போதும். அலகையும் கண்ணையும் கழுவ அது தேவை. தீவனத்தை எப்போதும் ஈரமாகப் பிசைந்து வைக்க வேண்டும். உலர்ந்த மாவுத் தீவனம் தொண்டையில் அடைக்கும். பக்கத்திலேயே தண்ணீர் இல்லாமல் தீவனம் மட்டும் வைப்பது கூடாது. நயாசின் என்னும் உயிர்ச்சத்து வாத்துக் குஞ்சுக்குக் கோழிக் குஞ்சை விட அதிகம் தேவை. அது குறைந்தால் கால் வளையும். குஞ்சுத் தீவனத்தில் தவிடும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டத்தில் நிலக்கடலை அதிகம் என்பதால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு வாத்துக்கு நஞ்சு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. ஆராய்ந்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சு என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்று அதற்குப் பெயர் வந்தது. பிறகு இந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிப்பதற்கே வாத்துக் குஞ்சைத்தான் பயன்படுத்தினார்கள். கோழி தாங்கும் அளவைக்கூட வாத்து தாங்காது. மாடு தின்னாத பிண்ணாக்கு, மழையில் நனைந்த மூட்டை, அடியில் கட்டி பிடித்த தவிடு ஆகியவை வாத்துத் தொட்டிக்கு வரக்கூடாது. பிண்ணாக்கே வேண்டாம் என்று விட்டுவிட்டு, நத்தையும் கருவாட்டுத் தூளும் கொடுப்பது நிம்மதி. பட்டு நூல் எடுக்கும் இடங்களில் மிஞ்சும் கூட்டுப்புழு நல்ல புரதம் உள்ளது. ஆரணியில் நெய்வதுதான் உண்டு, நூல் எடுப்பது பெரும்பாலும் வேறு ஊர்களில். கிடைத்தால் எண்ணெய் நீக்கியதாகப் பார்த்து வாங்கிக் குறைவாகச் சேர்க்கலாம். அளவு மீறினால் முட்டையில் வாடை அடிக்கும்.

நட்ட நெல் வயலில் வாத்தை விடலாமா என்று கேட்பவர்களுக்கு, ஜப்பானில் தக்காவோ புருனோ என்ற விவசாயி 1988 முதல் செய்து காட்டிய முறை உண்டு. நாற்று வேர் பிடித்தபின் இளங்குஞ்சுகளை வயலில் விடுகிறார். அவை களையையும் பூச்சியையும் தின்று, சேற்றைக் கலக்கி, எருவும் போடுகின்றன. கதிர் வெளிவந்ததும் வாத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நெல்லை முதலில் அறுவடை செய்வது அதுதான். நம் ஊரில் நெருக்கி நட்ட வயலில் வாத்து நுழையாது. 25 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு செய்த ஒற்றை நாற்றுச் சாகுபடி வயல் இதற்குத் தோது. முதலில் பத்து சென்டில் செய்து பாருங்கள். பெரிய வாத்துகளை இளம் பயிரில் விட வேண்டாம், மிதித்துவிடும்.

வாத்து மேயும் கழனியில் குருணை மருந்து தூவியிருக்கக்கூடாது. ஃபோரேட் குருணை 2020 இறுதியோடு தடைசெய்யப்பட்டது நல்லதாயிற்று. ஆனால் கார்போஃபியூரான் போன்ற குருணையும் சேற்றில் அலகை விட்டு அரிக்கும் வாத்துக்கு நெல்லும் ஒன்றுதான். பக்கத்துக் கழனிக்காரர் என்ன தூவினார், என்று தெளித்தார் என்று கேட்டபின் ஓட்டுங்கள். கோடையில் ஏரி வற்றிக் குட்டையாகும்போது அங்கே செத்த மீனும் புழுவும் கிடக்கும். அதைத் தின்ற வாத்து கழுத்து துவண்டு விழும். அந்த நாட்களில் ஏரிப் பக்கம் விடாமல் வீட்டிலேயே தண்ணீர் வைப்பது உத்தமம்.

நோய் விஷயத்தில் வாத்து கோழியை விடக் கெட்டியானது. கோழிகளை வாரிக்கொண்டு போகும் ராணிக்கெட் கழிச்சல் வாத்தை அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆனால் வாத்துப் பிளேக் வந்தால் பட்டியே காலியாகும். இதற்குத் தடுப்பூசி தயாரிக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் ஆரணிக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டையிலேயே 1932 முதல் இயங்கி வருகிறது. இவ்வளவு அருகில் மருந்து இருந்தும் நாம் போடுவதில்லை. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் போட வேண்டும். குப்பி ஒன்றில் பல வாத்துகளுக்குப் போடும் அளவு இருக்கும். கரைத்த மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆகவே நாலைந்து வீட்டார் சேர்ந்து கால்நடை மருத்துவரிடம் ஒரே நாளில் போட்டுக்கொள்ளுவதுதான் சிக்கனம். வாத்துக் காலராவுக்கும் அவரிடமே கேட்டுத் தடுப்பூசி போடுங்கள்.

பறவைக் காய்ச்சலைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். கேரளத்தில் ஆலப்புழைப் பகுதி வாத்துகளில் 2014, 2016, 2021, 2024 என்று பல முறை வந்துவிட்டது. வரும்போதெல்லாம் நோய்கண்ட இடத்தைச் சுற்றியுள்ள வாத்துகளும் கோழிகளும் அழிக்கப்படுகின்றன. எல்லையில் வாத்தும் முட்டையும் நிறுத்தப்படுகின்றன. வெளியே நோய்க்குறி காட்டாமலே வாத்து இந்தக் கிருமியைச் சுமந்து செல்லக்கூடும். ஆகவே வாத்தையும் கோழியையும் ஒரே கூட்டில் அடைக்காதீர்கள். வலசைப் பறவைகள் இறங்கும் ஏரியில் குளிர்காலத்தில் மேய விடாதீர்கள். வாத்துகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் அறுத்துத் தின்னாமல் உடனே மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள். ஓர் இனம் முழுவதும் ஒரு சில பெரிய மந்தைகளில் மட்டும் இருந்தால், ஒரே நோய்ப் பருவத்தில் அடியோடு போய்விடும். நூறு வீடுகளில் இருபது இருபதாக இருந்தால் போகாது. சிறு விவசாயி இந்த வாத்தை வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வாத்தைப் பற்றிப் பேசியது அரைகுறையாகும். பெரிய மந்தை ஓட்டும் தொழிலில் இருளர், ஏனாதி குடும்பங்களின் குழந்தைகளை முன்பணத்துக்கு ஈடாகப் பிடித்துவைத்து மேய்க்கச் சொல்லுவதும், அதிகாரிகள் அவர்களை மீட்பதும் செய்திகளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. உங்கள் கழனியில் மந்தை இறங்கும்போது பள்ளிக்குப் போக வேண்டிய பையன் கோலுடன் நிற்கிறானா என்று பாருங்கள். நின்றால் வட்டாட்சியருக்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ தெரிவியுங்கள். மந்தை எரு நமக்கு லாபம் என்று கண்ணை மூடிக்கொள்ளக்கூடாது. நேர்மையாகத் தொழில் செய்யும் வாத்துக்காரர்களுக்கும் இதுவே நன்மை.

முட்டை விற்பனை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாத்து முட்டை 65 முதல் 75 கிராம் வரை எடையுள்ளது. மூலத்துக்கு மருந்து என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம், எடையைச் சொன்னாலே போதும். அழுக்கில்லாத வைக்கோல் படுக்கையில் இட்ட முட்டைக்கு வாடை குறைவு. வீட்டில் உண்பவர்கள் அரைவேக்காடாக அல்லாமல் நன்றாக வேகவைத்து உண்ண வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியது பெரிய தொகை அன்று. நாட்டுக்கோழிக்குத் திட்டங்கள் வந்தது போல நாட்டு வாத்துக்கும் வர வேண்டும். ஆரணியில் வாத்து முட்டைக்கென்று ஒரு பொரிப்பான், வெளியினம் கலவாத கீரியும் சன்னியாசியும் கொண்ட ஒரு தாய் மந்தை, ஆண்டுக்கு ஒருமுறை சேவல் மாற்றும் நாள் ஒன்று, இவை இருந்தால் போதும். மானியம் என்ற பேரில் வெளியினக் குஞ்சுகளை வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போகும் திட்டம் மட்டும் வேண்டாம். கொடுத்தால் வாங்காதீர்கள் என்றுகூடச் சொல்லுவேன்.

வரும் பருவத்துக்கு ஆரம்பிக்க நினைப்பவர்கள் காலத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். தை மாதம் சம்பா அறுத்த கழனியில் முட்டையிடும் வாத்து இறங்க வேண்டுமானால், ஆடியில் குஞ்சு பொரித்திருக்க வேண்டும். அதற்கு ஆனியில் அடை வைக்க வேண்டும். நவரை அறுத்த கழனிகளில் மேயும் வாத்துகள் வைகாசியிலும் முட்டையிடும், ஆகையால் முட்டைக்குக் கஷ்டம் இராது. ஆனால் பழைய சேவலைப் பிரித்த பிறகும் பத்துப் பன்னிரண்டு நாள் வரை அதன் கரு பெட்டையிடம் தங்கியிருக்கும். புதுச் சேவல் விட்டு இரண்டு வாரம் கழித்து எடுக்கும் முட்டையே அடைக்கு ஆகும். எனவே சேவல் கைமாறுவது வைகாசி பாதிக்குள் முடிந்துவிட வேண்டும்.